ஏன் என்று கேட்காத சமன்பாடு

நவம்பர் 17, திங்கள்

வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். பதினெட்டு வருடமாக ஒரு விஷயத்தைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. தெரிந்தவர்கள் அதைப் பெருந்தன்மை என்று நினைத்தார்கள். வயிற்றெரிச்சலை நீண்ட நாள் ஆறப்போட்டால் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அப்படித்தான் தெரியும்.

விஷயம் இதுதான். நானும் சென்னியப்பனும் கோவையில் ஒரே அறையில் தங்கி முனைவர் பட்டத்துக்குப் படித்தோம். ஒரு மனிதர் அடுத்து என்ன செய்வார் என்று கணிக்க நான் ஒரு சமன்பாடு எழுதினேன். அவருடைய இயல்பான குணம் ஓர் எண். இப்போது எதன்மேல் எவ்வளவு ஆசை, அதாவது உந்துதல், இன்னோர் எண். போன முறை பட்டதிலிருந்து எவ்வளவு கற்றுக்கொண்டார் என்பது மூன்றாவது. இவை போக நான்காவதாக ஓர் உறுப்பும் சேர்த்திருந்தேன், சின்னதாக. அதை வைத்து இருவரும் எழுதிய கட்டுரை அச்சில் வந்தபோது மேலே ஒரு பெயர்தான் இருந்தது. அது என்னுடையது இல்லை. கேட்டதற்கு, "அச்சுல விட்டுப்போச்சுடா" என்றான். அவன் பெயருக்குப் பின்னால் இருந்த பட்டங்களில் ஒரு புள்ளிகூட விட்டுப்போகவில்லை.

இன்றைக்கு அவன் இந்தப் பொறியியல் கல்லூரிக்கு இயக்குநர். நான் கணிதத் துறையில் இணைப் பேராசிரியர். கிணத்துக்கடவு தாண்டித் தென்னந்தோப்புகளுக்கு நடுவே இருக்கிறது கல்லூரி. காற்று நன்றாக இருக்கும். எனக்கு அதில் குறையொன்றும் இல்லை.

காலையில் கலையரங்கில் எல்லாரையும் உட்காரவைத்து 'முன்னறி' என்ற மென்பொருளைத் தொடங்கிவைத்தான். வாசலில் நாங்கள் விரல் வைக்கிற கருவியிலிருந்து வந்த நேரம், போன நேரம், எடுத்த விடுப்பு எல்லாவற்றையும் அது படிக்குமாம். யார் வேலையை விடுவார், யார் நிலைப்பார், யார் சண்டை போடுவார் என்று சொல்லுமாம். ஒளிவுமறைவு கூடாதென்று அவரவர் கணிப்பு திங்கள்தோறும் அவரவர் கைபேசிக்கே வருமாம். "இது என் இருபது வருட உழைப்பு" என்றான். நான் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். பாதித் திரைதான் தெரிந்தது. அந்தப் பாதியில் இருந்தது என் சமன்பாடு.

உடனே அரங்கம் முழுக்கக் கைபேசிகள் கிணுகிணுத்தன. எனக்கு வந்தது: 'வழக்கத்தை மாற்ற மாட்டார். எதிர்க்க மாட்டார். எங்கும் போக மாட்டார். உறுதி: 99.'

பக்கத்தில் இருந்த ஆங்கிலத்துறை அருள்தாஸ் எட்டிப் பார்த்தார். "தொண்ணூத்தொம்பதா! எனக்கே எழுபத்திரண்டுதான் சார். காலேஜ்லயே நீங்கதான் ஃபர்ஸ்ட்."

இந்தக் கல்லூரியில் எதிலாவது நான் முதலாவதாக வந்தது இதுதான் முதல் தடவை.

கேஸ் சிலிண்டர் பதிவு செய்தேன்.

நவம்பர் 18, செவ்வாய்

அந்த 99 தொண்டையில் முள்ளாக நிற்கிறது. அதுவும் என்னுடைய சமன்பாட்டை வைத்தே என்னை அளந்திருக்கிறான்.

முடிவு செய்துவிட்டேன். இந்த எண்ணை இறக்காமல் விடப்போவதில்லை. சிற்றுண்டிச் சாலையில் ஒன்பது வருடமாக இரண்டு இட்லி சாப்பிடுகிறவன் இன்று ஒரு தட்டுப் பொங்கலும் இரண்டு போண்டாவும் கேட்டேன். பரிமாறுகிறவர், "சார், உடம்புக்கு ஒண்ணுமில்லியே?" என்றார். முதல் பிரிவேளை முழுக்கத் தூக்கம். ஆனாலும் ஏதோ ஒரு கொண்டாட்டம்.

நவம்பர் 21, வெள்ளி

கிளிப்பச்சை நிறத்தில் சட்டை எடுத்தேன். போட்டுக்கொண்டும் போனேன்.

நவம்பர் 24, திங்கள்

ஆசிரியர் அறையில் முன்னறிக்கு 'வாரபலன்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். காலையில் விரல் வைத்ததும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறார்கள்: "இந்த வாரம் உங்களுக்கு எப்படி?" இயற்பியல் அம்மா ஒருவருக்குச் 'சக ஊழியருடன் உரசல், உறுதி 64' என்று வந்திருந்தது. அதைப் பார்த்து எல்லாரும் அவரிடம் பேசாமல் ஒதுங்கினார்கள். அதில் கோபம் வந்து அவர் எல்லாரிடமும் உரசினார். சென்னி இதையும் ஒரு வெற்றியாகக் கணக்கில் எழுதியிருப்பான்.

எனக்கு 96. மூன்று இறங்கியிருக்கிறது! பச்சைச் சட்டையை அது பார்த்திருக்க முடியாது. பேருந்தை விட்டு நடந்து வந்ததில் தினமும் கால் மணி பிந்தி விரல் வைத்தேன், அதுதான். ஆகவே வருகிற வழியை மாற்றுவதே சரியான உத்தி. பிரதான வாசலுக்குப் பதில் பின்வாசலில் விரல் வைக்க வேண்டும். பின்வாசலுக்குப் போகும் வழி விளையாட்டு மைதானத்தின் ஓரமாகப் போகிறது. சுற்று வழி. அதனால்தான் அதைத் தேர்ந்தெடுத்தேன்.

நவம்பர் 27, வியாழன்

மைதானத்தில் உடற்கல்வி ருக்குமணி மேடம் மாணவிகளுக்கு எறிபந்து பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார். பந்து உருண்டு என் காலடியில் வந்து நின்றது. நான் அதைப் பார்த்தேன். பந்தும் என்னைப் பார்ப்பதுபோலத்தான் இருந்தது.

"ஏனுங் சார், அதுக்கு ஏதாச்சும் ஃபார்முலா போடறீங்களா? எடுத்துப் போடுங்க, புள்ளைக நிக்குதுக!"

போட்டேன். பந்து நான் நினைத்த திசைக்கு நேர் எதிராகப் போய்க் குடிநீர்த் தொட்டிக்குள் விழுந்தது. பதினாறு பெண்கள் சிரித்தார்கள். அவரும் கழுத்தில் விசில் ஆட ஆடச் சிரித்தார்.

"மேத்ஸ் சாருக்குக் கோணம் தெரியும்னு நெனச்சேனுங்."

"கோணம் சரியா இருந்துச்சு மேடம். கைதான் சொன்னபடி கேக்கல."

"அப்ப நாளைக்கும் வாங்க. கைக்குச் சொல்லித் தந்தர்லாம்."

இவரைப் பற்றி ஒரு குறிப்பு. வயது நாற்பத்தாறோ ஏழோ. கணவர் இறந்து பல வருடம் ஆகிறது. வருடாவருடம் ஜனவரியில் புதுப்பிக்கிற ஒப்பந்தத்தில்தான் வேலை. பன்னிரண்டு வருடமாக இப்படியே. இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், விசாரித்தேன். ஆய்வாளனுக்குச் சூழலைப் பற்றிய தகவல் வேண்டும்.

டிசம்பர் 1, திங்கள்

91! மூன்று நாள் மைதானத்தில் பந்து பொறுக்கியதன் பலன். வலது தோள் தூக்க முடியவில்லை. சட்டையைத் தலைவழியே மாட்டப் பத்து நிமிடம் ஆனது. ஆனாலும் மாட்டும்போது சீட்டியடித்தேன். நான் சீட்டியடித்தது, எனக்கே ஆச்சரியம். மேல் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். தண்ணீர்த் தொட்டி விஷயத்தில் மூன்று வருடமாக அவரோடு பேச்சு இல்லை. இன்று "குட்மார்னிங்" என்று சொல்லித் தொலைத்துவிட்டேன். அந்தப் பகையை மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

டிசம்பர் 3, புதன்

ருக்குமணி மேடம் மாணவிகளைப் பந்தயத்துக்கு ஈரோட்டுக்குக் கூட்டிப் போயிருக்கிறார். மைதானம் வெறும் மண்.

டிசம்பர் 8, திங்கள்

பேரிடி. என் வாரபலன்: 'காலை 8.10 முதல் 8.50 வரை மைதானத்தில் இருப்பார். உறுதி: 97.'

பின்வாசலில் 8.10க்கு ஒரு தடவை, துறை வாசலில் 8.50க்கு ஒரு தடவை விரல் வைக்கிறேன்; நடுவில் இருப்பது மைதானம்தான். அதாவது நான் வழக்கத்தை மீறுவதையே அது என் புது வழக்கமாகக் கற்றுக்கொண்டது. மூன்றாவது உறுப்பு, கற்றல். நான் எழுதியதுதான். இவ்வளவு நன்றாக வேலை செய்யும் என்று எனக்கே தெரியாது. பெருமைப்படவா, அழவா என்று தெரியாமல் கழிப்பறைக்குள் போய் நின்று சிரித்தேன்.

அருள்தாஸ் கைபேசியை எட்டிப் பார்த்துவிட்டு, "மைதானத்துல அப்படி என்ன சார்?" என்றார்.

"காற்று" என்றேன்.

"எங்க டிபார்ட்மெண்ட்லயும் ஃபேன் இருக்குது சார்" என்றுவிட்டுப் போனார். போகிற போக்கில் அவர் முகத்தில் இருந்த சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. மனதுக்குள் வைத்திருக்கும் பகைப் பட்டியலில் அவரையும் சேர்த்துக்கொண்டேன்.

டிசம்பர் 9, செவ்வாய்

சென்னி அழைத்தான். அவன் அறையில் குளிர் எலும்பில் இறங்கும். டீ வந்தது. முறுக்கு வந்தது. முறுக்கு வந்தால் ஏதோ காரியம் இருக்கிறது என்று பொருள். விடுதி அறையில் தங்கிய காலத்திலிருந்தே அப்படித்தான்.

"டேய், வர்ற பதினெட்டாம் தேதி ஆட்சிக்குழு கூடுது. முன்னறி சொல்றத வச்சு இனிமே ஒப்பந்தம் புதுப்பிக்கலாம்னு தீர்மானம் வைக்கறேன். கணிதம் சரியா இருக்குன்னு வெளியாளு யாராச்சும் சொன்னா நல்லாருக்கும்."

"நான் வெளியாளா?"

"கட்டுரைல உன் பேரு இல்லைல்ல, அப்ப வெளியாளுதானே." சிரித்தான். பிறகு குரலைத் தணித்தான். "இங்க பாரு. மறுபதிப்பு வருது. உன் பேரையும் போடறேன். ரெண்டாவதா இல்ல, என் பேருக்குச் சமமா. துறைத்தலைவர் பதவியும் காலியாகுது. ஒரு கையெழுத்துடா, அவ்வளவுதான்."

நான் டீயைக் குடித்தேன். பதினெட்டு வருடமாக நான் இந்த வாக்கியத்தை அவன் வாயில் வைத்து ஒத்திகை பார்த்திருக்கிறேன். ஒத்திகையில் அவன் இன்னும் கொஞ்சம் அழுவான்.

மேசைத் திரையைத் திருப்பிக் காட்டினான். அப்போதுதான் சமன்பாட்டை முழுதாகப் பார்த்தேன். குணம் இருந்தது. உந்துதல், கற்றல் இரண்டும் இருந்தன. நான்காவது உறுப்பைக் காணோம்.

நான்காவது உறுப்பு என்ன என்று இங்கே சொல்லிவிடுகிறேன். ஒருவர் வழக்கத்தை மீறினால், அந்த மீறலை எந்தப் பக்கம் சேர்ப்பது? வேலைக்கு வராதவருக்கு வேலையில் ஆசை குறைந்துவிட்டதா, அல்லது வேலையின் பொருட்டே வேறெங்காவது போயிருக்கிறாரா? எண்ணைப் பார்த்து இதைச் சொல்ல முடியாது. ஆளைத்தான் கேட்க வேண்டும். கேட்டு வருகிற பதிலுக்காக ஓர் இடம் விட்டிருந்தேன். பதில் கிடைக்கிற வரைக்கும் அந்த மீறலை எந்தக் கணக்கிலும் ஏற்றக்கூடாது. கேள்வி உறுப்பு என்று அதற்குப் பெயர்.

"அத எடுத்துட்டேன்டா" என்றான் சென்னி. "ஒவ்வொருத்தர்கிட்டயும் போய் ஏன் வரல, ஏன் போனன்னு கேட்டுட்டிருந்தா அது என்ன மென்பொருள்? அத எடுத்த பிறகுதான் வேகமா ஓடுது."

திருடியதைக்கூட முழுசாகத் திருடத் தெரியவில்லை இவனுக்கு! எனக்கு வந்த ஆத்திரத்தில் முறுக்கு முழுவதையும் தின்றுவிட்டேன்.

திரையில் ஜனவரியில் புதுப்பிக்கப்படாதவர்கள் பட்டியல் இருந்தது. ஒரே பெயர். 'ருக்குமணி, உடற்கல்வி. ஆறு மாதத்துக்குள் வேலையை விடுவார். உறுதி: 93. மாற்று ஆள் தேடலாம்.'

"இந்தம்மா எங்கயோ வேலை தேடுது போல" என்றான். "வாரத்துல பாதி நாள் விரலே வைக்கறதில்ல. அதுவா போறதுக்கு முன்னாடி நாமளே ஆளப் போட்டுக்கலாம்."

யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்தேன்.

டிசம்பர் 12, வெள்ளி

பந்தயம் முடிந்து அவர் திரும்பிவிட்டார். மாணவிகள் கோப்பையோடு வந்தார்கள். மண்டல அளவில் இரண்டாம் இடம். மைதானத்து ஓர வேப்பமரத்தடியில் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னேன்.

அவர் பந்துக்குக் காற்றடித்துக்கொண்டே கேட்டார். கடைசியில், "தொண்ணூத்து மூணு ஆயிடுச்சுங்களா?" என்றார். "பத்தாவதுல எனக்குக் கணக்குல முப்பத்தேழு. இப்பத்தான் நல்ல மார்க் வாங்கியிருக்கேன்."

"விளையாடாதீங்க மேடம். நீங்க பந்தயத்துக்குப் போறப்ப பணி அனுமதிச் சீட்டு கொடுக்கறீங்கல்ல?"

"கொடுக்காம? எல்லாம் ஆபீஸ்ல கொடுத்துட்டுத்தானுங் போவேன். அது சம்பளப் பிரிவுக்குப் போகுமுங். விரல் வைக்கற மெஷினுக்கு அதெல்லாம் எங்க தெரியும்?"

"சென்னிகிட்ட நேரா போய்ச் சொல்லலாமே."

"சொன்னனுங். வேலையை விடுவேன்னு வாரபலன்ல வந்தப்பவே, ஈரோட்டுக்குக் கெளம்பறதுக்கு முன்னாடி போய்ச் சொன்னேன். 'மேடம், எல்லாருமே ஒரு காரணம் சொல்லத்தான் செய்வாங்க'ன்னாரு." காற்றடிப்பதை நிறுத்தினார். "பன்னெண்டு வருசமுங் சார். இந்த மண்ணுல கல்லுப் பொறுக்குனது நானு. இங்கிருந்து போனா எனக்கு இந்த வயசுல யாருங் வேலை தருவாங்க?"

அதைச் சொல்லும்போது சிரிக்கத்தான் செய்தார். பம்ப் மட்டும் கையிலிருந்து நழுவியது.

"பம்ப் கொடுங்க, நான் அடிக்கறேன்" என்று மட்டும் சொன்னேன். அடித்தேன். பந்து தேவைக்கு மேல் இறுகிப்போய்விட்டது.

டிசம்பர் 15, திங்கள்

வாரபலன்: 'சான்றில் கையெழுத்திடுவார். உறுதி: 98.'

சென்னியே இந்தக் கேள்வியை உள்ளே கொடுத்திருக்க வேண்டும். இது வந்தபோது என் துணிகள் சலவை இயந்திரத்தில் சுற்றிக்கொண்டிருந்தன. நானும் அதன் முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொன்னால் 98 தப்பில்லை. என் குணம் அப்படி. என் ஆசை அந்தப் பெயர். நான் இதுவரை கற்றதெல்லாம் வாயைத் திறந்தால் நஷ்டம் என்பதுதான். மூன்று உறுப்பும் ஒரே பக்கம் சாய்கின்றன. என் பெயர் அச்சில் எப்படி இருக்கும் என்று காகிதத்தில் ஒரு தடவை எழுதிக்கூடப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.

பிறகு மைதானத்துக்குப் போனேன். தோள் வலி குறைந்திருக்கிறதா என்று பார்க்க.

டிசம்பர் 18, வியாழன்

மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிட்டு எழுதுகிறேன்.

ஆட்சிக்குழு அறை. மேசையின் தலைப்பக்கம் தாளாளர் நாச்சிமுத்து ஐயா. எழுபது வயது தாண்டியவர். வெள்ளை வேட்டி சட்டை. எல்லாருக்கும் முன்மாதிரியாக இருக்கட்டும் என்று அவரும் எங்களைப் போலவே வாசலில் விரல் வைப்பவர். பக்கத்தில் அவர் மகன், துணைத் தாளாளர். சென்னி அரை மணி நேரம் பேசினான். பிறகு என் பக்கம் கை காட்டினான். "கணிதத் துறையில் மூத்தவர் சான்று தருவார்."

"சொல்லுங் புரொபசர்" என்றார் ஐயா.

எழுந்து நின்றேன். தயாரித்து வைத்திருந்த பேச்சு முழுவதும் மறந்துபோனது. வாயில் வந்ததைச் சொன்னேன். "கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி ஒரு தடவை இங்கயே ஓட்டிப் பார்த்துடலாமுங்களா?"

"யாரோடத ஓட்டறது?" என்றான் சென்னி.

"விரல் வைக்கறவங்க யாரோடதா இருந்தாலும் சரி."

ஐயாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப என்னோடதையே போடுங் டைரக்டர்! நானுந்தான தெனமும் கை வைக்கறேன். என்னைப் பத்தி என்ன சொல்லுதுன்னு பார்க்கலாம்."

சென்னி விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டான். "ஐயா, அது ஊழியர்களுக்காக உண்டாக்குனது..."

"நானும் இந்தக் காலேஜுக்கு ஊழியந்தானுங்க. போடுங்க."

போட்டான். திரையில் ஒரு வட்டம் சுற்றியது. நின்றது. பெரிய எழுத்தில் வந்தது: 'ஆறு மாதத்துக்குள் நிறுவனத்தை விட்டு விலகுவார். உறுதி: 95. மாற்று ஆள் தேடலாம்.'

மகன் சட்டென்று தலையைக் குனிந்து காகிதத்தில் என்னவோ எழுத ஆரம்பித்தார்.

"எனக்கு மாத்து ஆளா?" என்றார் ஐயா.

சென்னி, "ஐயா போன மாசம் அதிகமா வரலீங்க, அதனால..." என்று இழுத்தான்.

"போன மாசம் முழுக்க முகூர்த்தமுங்க! ஒரு நாளைக்கு மூணு கல்யாணம். நம்ம சொந்தக்காரங்க கல்யாணத்துக்கு நான் போகாம இருந்தா, அடுத்த வருசம் அவங்க புள்ளைகளை நம்ம காலேஜ்ல சேர்ப்பாங்களா? இந்தக் காலேஜுக்காகத்தானுங் நான் போறதே. வரலைன்னா ஏன் வரலைன்னு ஒரு வார்த்தை கேக்க வேண்டாமா?"

"அதைத்தானுங்கய்யா" என்றேன், "அது கேக்கறதில்ல."

என் குரல் கொஞ்சம் கீச்சென்று வந்தது. நிறுத்த முடியவில்லை. நான்காவது உறுப்பை விளக்கினேன். பலகை இல்லாததால் தண்ணீர்க் குவளையையும் இரண்டு பிஸ்கட்டையும் வைத்து விளக்கினேன். கேள்வி கேட்காமல் கணக்கில் ஏற்றினால், வேலைக்காக வெளியே போகிறவரும் வேலையை விட்டு வெளியே போகிறவரும் ஒன்றாகிவிடுவார்கள் என்றேன். "உடற்கல்வி மேடம் பேரு இதே மாதிரிதான் வந்திருக்குது. பாதி நாள் இங்க இல்லதான். மண்டலப் போட்டிக்குப் புள்ளைகளைக் கூட்டிட்டுப் போயிருந்தாங்க. ரெண்டாவது இடம். கோப்பை உங்க அறை வாசல்ல இருக்குதுங்க."

"அட, அந்தக் கோப்பைக்குப் பொட்டு வச்சதே நாந்தானுங்களே" என்றார் ஐயா. சென்னியைப் பார்த்தார். "டைரக்டர், இந்தக் கேள்வி கேக்கற சமாச்சாரத்தை உள்ள சேர்த்துட்டு வாங்க. அதுவரைக்கும் ஒப்பந்தம் எல்லாம் பழையபடியே."

எழுந்து போகும்போது மகனிடம், "நீ என்னப்பா எழுதுன?" என்று கேட்டார். மகன் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

படியில் சென்னி என்னைப் பிடித்தான். "கெடுத்துட்டியேடா. மறுபதிப்புல உன் பேரு..."

"அச்சுல விட்டுப்போகட்டும்டா" என்றேன். பதினெட்டு வருடமாக நான் தேடிக்கொண்டிருந்த வாக்கியம் இதுதான். என்ன சுகம்! படிகளை இரண்டிரண்டாகத் தாவி இறங்கினேன். கடைசிப் படியில் கணுக்கால் சுளுக்கிக்கொண்டது.

டிசம்பர் 19, வெள்ளி

கணுக்கால் வீக்கம். விடுப்பு. ஏன் என்று யாரும் கேட்கவில்லை, ஒருவரைத் தவிர. அவர் தொலைபேசியிலேயே ஐஸ் எப்படி வைப்பது என்று சொல்லிக்கொடுத்தார். அரை மணி நேரம் சொல்லிக்கொடுத்தார். ஐஸ் வைப்பதில் அவ்வளவு விஷயம் இருக்கிறது.

டிசம்பர் 29, திங்கள்

சுற்றறிக்கை வந்தது. 'நமது இயக்குநர் முனைவர் சென்னியப்பன் அவர்கள் புதிதாகக் கண்டறிந்துள்ள கேள்வி உறுப்பு முன்னறியில் சேர்க்கப்படுகிறது.' கீழே பொன்னாடை போர்த்திய படம்.

இரண்டாவது தடவையும் திருடிவிட்டான். இந்தத் தடவை முழுசாக. ஆத்திரம் வருமென்று காத்திருந்தேன். வந்தது. ஆனால் பாதி வழியில் சிரிப்பு குறுக்கே புகுந்துவிட்டது. அருள்தாஸ், "சார், பொன்னாடை உங்க சட்டைக் கலர்தான்" என்றார். அவரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன்.

சிரிப்பை அடக்கியது அவர் அடுத்துச் சொன்ன செய்திதான். பக்கத்து மாவட்டங்களில் சில கல்லூரிகள் முன்னறியை வாங்கப்போகின்றனவாம். அவை கேட்பது பழைய வடிவத்தை. கேள்வி கேட்க ஆள் வைக்க வேண்டும் என்பதால் புதியது வேண்டாமாம். பழையதே போதும், வேகமாக ஓடுகிறது என்கிறார்களாம்.

அங்கேயும் மைதானங்கள் இருக்கும். அங்கேயும் யாராவது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பந்தயத்துக்குப் போயிருப்பார்கள்.

ஜனவரி 2, வெள்ளி

ருக்குமணி மேடத்துக்கு ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. ஆசிரியர்கள் படிக்கிற மாத இதழ் ஒன்றுக்கு இந்தக் குறிப்புகளை அனுப்பலாம் என்றிருக்கிறேன். அந்தக் கல்லூரிக்காரர்கள் கண்ணில் படும். அவர் இதில் வருவதால் அவருடைய சம்மதம் வேண்டும். அச்செடுத்துக் கொடுத்தேன். சிலவற்றை நீக்கிவிட்டுக் கொடுத்திருக்கலாம் என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் தோன்றியது.

ஜனவரி 4, ஞாயிறு

ரசம் வைத்தேன். புளி போட மறந்துவிட்டேன். அதையே குடித்தேன்.

ஜனவரி 5, திங்கள்

காலை வேப்பமரத்தடி பெஞ்சு. காகிதங்களை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விசில் வாயில் இருந்தது. எடுத்தார்.

"படிச்சேனுங். பக்கத்துக்குப் பக்கம் மைதானம் வருதுங்."

"அது... சுற்று வழிங்கறதால."

"அதான் எழுதியிருக்கீங்களே. நான் ஒண்ணு கேக்கட்டுங்களா? இந்த மெஷினு கேக்காததத்தான் கேக்கறேன்." என்னை நேராகப் பார்த்தார். "ஏனுங் வர்றீங்க?"

என் கேள்வி உறுப்பு. இருபது வருடத்துக்கு முன் நானே எழுதியது. யார் யாரையோ கேட்பதற்காக எழுதியது. இதுவரை என்னை யாரும் கேட்டதில்லை.

"முதல்ல நம்பரைக் குறைக்கத்தான் வந்தேன்" என்றேன். "ரெண்டாவது நாள்ல இருந்து அதுக்காக வரல."

அவர் விசிலை மறுபடி வாயில் வைத்து, ஊதாமல், கொஞ்ச நேரம் மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். காதோரம் சிவந்திருந்தது. வெயில் இன்னும் அந்தப் பக்கம் வரவில்லை. கவனித்ததை அப்படியே எழுதுகிறேன், விளக்கம் சொல்ல மாட்டேன்.

"சரிங் சார்" என்றார் கடைசியில். "வாங்க. ஆனா பந்தை ஒழுங்கா எறியோணும்."

பிறகு வேலைப் பேச்சுக்குத் திரும்பினார். அனுப்புங்கள் என்றார். பெயர்களையும் ஊரையும் மாற்றிவிடுங்கள் என்றார். ருக்குமணி என்ற பெயர் அவரே தேர்ந்தெடுத்தது. சின்ன வயதிலிருந்தே அந்தப் பெயர் பிடிக்குமாம். கடைசிப் பக்கத்தின் அடியில் நான் என் பெயரையும் பட்டங்களையும் தடித்த எழுத்தில் போட்டிருந்தேன். அதில் விரல் வைத்தார்.

"இது எதுக்குங்?"

"மேடம், பதினெட்டு வருஷம்!"

"தெரியுமுங். ஆனா பேரு இருந்தா பேரைத்தானுங் படிப்பாங்க. 'ஓ, அந்தாளா, டைரக்டர் மேல இருக்கற காண்டுல எழுதியிருக்கான்'னு அத்தோட மூடி வச்சுருவாங்க. அந்தக் காலேஜுல என்னை மாதிரி இருக்கறவளுக்கு உங்க பேரு எதுக்காகுது? நீங்க சொன்னதுதானுங் ஆகும்."

வாதாடினேன். அறிவுச் சொத்து, வரலாறு, நீதி என்றெல்லாம் பேசினேன். அவர் பந்தைத் தட்டிக்கொண்டே கேட்டார். நான் நடுவில் மூச்சு வாங்கியபோது, "முடிச்சுட்டீங்களா?" என்றார். முடித்திருந்தேன்.

ஜனவரி 6, செவ்வாய்

விடியற்காலையிலிருந்து கடைசிப் பக்கத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். என் பெயர் அங்கே இருக்கிறது. அழகாகத்தான் இருக்கிறது. அதை மறைத்துவிட்டுப் பக்கத்தை மேலிருந்து படித்துப் பார்த்தேன். ஒரு சொல்லும் குறையவில்லை. ஒரு முழு மனிதனின் பகை இவ்வளவு சின்ன இடத்தில் இருந்திருக்கிறதே என்று சிரிப்பு வந்துவிட்டது.

சென்னி படித்தால் முதல் வரியிலேயே யார் எழுதியது என்று கண்டுபிடித்துவிடுவான். மற்றவர்களுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். உங்கள் கல்லூரிக்கு இந்தச் சமன்பாடு வந்தால், உங்களைப் பற்றி ஓர் எண்ணைக் காட்டி எவராவது ஏதாவது சொன்னால், முதலில் "ஏன் என்று என்னைக் கேட்டீர்களா?" என்று கேளுங்கள். கேட்கவில்லை என்றால் அந்த எண் இன்னும் முடியவில்லை.

கடைசிப் பக்கத்தைப் பெயர் இல்லாமல் மறுபடி அச்செடுத்துவிட்டேன். உறையில் அனுப்புநர் பகுதியைக் காலியாக விட்டிருக்கிறேன்; இந்தப் பக்கத்தையும் உள்ளே வைத்து ஒட்ட வேண்டியதுதான். அஞ்சலகம் ஒன்பதரைக்குத் திறக்கும். அதற்கு முன் மைதானத்தில் வேலை இருக்கிறது. அதை முடித்துக்கொண்டு போய், அஞ்சல்தலை வாங்கி ஒட்டி, இதைப் பெயரில்லாமலே பெட்டியில் போடப்போகிறேன்.